இலங்கைக்கே போகாத கார்

ஒரு காரின் சரித்திரத்தை நினைத்து எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

இலங்கையிலிருந்து இத்தாலிக்கு வந்த அப்பா, பலெர்மோவில் வேலை செய்த வீட்டு முதலாளியை நாங்கள் சிஞ்ஞோரே என்போம். அவரிடம் பழைய பச்சை எம்.ஜி. கார் ஒன்று இருந்தது. கம்பிச் சில்லு, வலப்பக்க ஸ்டியரிங், நின்ற இடமெல்லாம் எண்ணெய் ஒழுக்கு. இங்கிலாந்திலிருந்து அதைக் கப்பலில் கொண்டுவந்த ஆங்கிலேயர் ஒருவர், ஊர் திரும்பும்போது சிஞ்ஞோரேயின் தகப்பனுக்கு விற்றார் என்று சிஞ்ஞோரேதான் எனக்குச் சொன்னார். அதைத் துடைப்பது அப்பாவின் வேலை. எங்கள் பெர்மெசோ, அதாவது வதிவிட அனுமதி, முடியப்போகிறது, சிஞ்ஞோரே மறுபடி வேலை ஒப்பந்தம் தந்தால்தான் புதுப்பிக்கலாம் என்று அம்மாவும் அப்பாவும் ஓயாமல் கதைத்தார்கள். பெரியவர்களின் புலம்பல் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆயுத பூசை வந்தது. கைபடும் பொருளுக்குப் பொட்டு வைக்காவிட்டால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. என்னையும் கூட்டிக்கொண்டு போய், காரின் முன்மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சில்லுக்கடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார். துடைப்பதற்குள் சிஞ்ஞோரே வந்துவிட்டார், காரை வாங்க வந்த கனவானோடு.

திட்டுவார் என்று பயந்தோம். அவரோ பொட்டைக் கண்டதும் முகம் மலர்ந்து, "இந்தக் கார் முதலில் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்துரையிடம் இருந்தது. அங்கே செய்த பூசையை நாங்கள் இன்னும் விடவில்லை" என்று அவிழ்த்துவிட்டார். இலங்கைக் கார்போல ஸ்டியரிங் வேறு வலப்பக்கம்! பிறகு அப்பாவைப் பார்த்து, அப்படித்தானே என்றார்.

அப்பா தலையாட்டினார். பொய் சொன்னால் வாயில் மிளகாய்த்தூள் போடுவேன் என்கிற அதே அப்பா!

அது பொய், ஆங்கிலேயர்தான் கொண்டுவந்தார் என்று நான் இத்தாலியனில் கத்தினேன். அப்பா சிரித்துக்கொண்டே, பிள்ளை கற்பனையாகக் கதைப்பாள், நம்பாதீர்கள் என்றார். வந்தவர் என் கன்னத்தைக் கிள்ளினார். பொய்யோடு சேர்த்துக் காரையும் வாங்கிப்போனார்.

பஸ்ஸில் அழுதுகொண்டே கேட்டேன்: "ஏனப்பா ஓம் எண்டனீங்கள்?"

"பேசாமல் வா பிள்ளை. வீட்டை போய்க் கதைப்பம்."

வீட்டிலும் கதைக்கவில்லை. நான் அவரோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னை இந்த ஊரில் வைத்திருக்கத்தான் அன்று என்னையே பொய்க்காரி ஆக்கினார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.