இடப்பக்கம் வேட்டி சொருகிய கரைக்காரன்

தாமிரபரணி ஓரத்தில் ஓடுகிற மணல் லாரிகளில் பாதிக்கு நம்பர் எழுதியவன் என் தம்பி ஜெய்சன். எட்டு என்கிற எண்ணை அவன் போடுவதுபோல் வேறு யாரும் போட மாட்டார்கள். மேல் வட்டம் சிறிதாக இருக்கும். கீழ் வட்டம் பானைபோல் உட்கார்ந்திருக்கும். பஸ்ஸில் போகும்போது எதிரே வருகிற லாரியைப் பார்த்து, இது ஜெய்சன் எட்டு என்று சொல்லிவிடுவேன்.

நம்பர் எழுதுவது சோற்றுக்கு. அவனுடைய உண்மையான வேலை படக்கதை. கதை எழுதுவதும் படம் வரைவதும் அவன். அச்சடிக்கக் கொடுப்பதும், கட்டுகளைப் பஸ்ஸில் ஏற்றி ஊர் ஊராகக் கடைகளில் போட்டு வருவதும் அவன்தான். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறைதான் கம்பெனி. அதற்கு 'சாலோமி சித்திரக்கதை' என்று என் பெயரை வைத்தான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள். ஆனால் அச்சான தாள்களை மடித்து, கம்பிப் பின் அடித்து, ஓரம் வெட்டி அடுக்குவது என் வேலை. ஒரு நூல் கோணினாலும் தையல்காரிக்குக் கண் உறுத்தும். எங்கள் புத்தகம் ஒன்றுகூடக் கோணலாக வெளியே போனதில்லை.

அவனுடைய கதாநாயகன் பெயர் கரைக்காரன். ஆற்றுக்குள்ளேயே குடியிருப்பவன். ஆற்றுக்குக் கெடுதல் செய்கிறவர்களை வீச்சுவலை போட்டுப் பிடிப்பான். மூன்றாம் புத்தகத்தில் அவனுக்குச் சரியான எதிரி ஒருவன் வந்தான். பள்ளத்தான் என்ற ராட்சசன். ஆற்று மணலை அள்ளி அள்ளித் தின்பான். அவன் தின்ற இடமெல்லாம் பள்ளமாகி, குளிக்க இறங்கியவர்களை விழுங்கும். அவனுக்கு ஒரு காது பாதிதான் உண்டு. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மடைக்காரர் ஒருவர் அவனைத் தட்டிக் கேட்கிறார். பள்ளத்தான் அவரை ஒரு கல் மண்டபத்துக்குக் கீழே மணலில் புதைத்துவிட்டு, ஆள் பம்பாய்க்குப் போய்விட்டதாக ஊரை நம்ப வைக்கிறான். மீதி அடுத்த புத்தகத்தில் என்று முடித்திருந்தான்.

ஜெய்சன் அட்டையில் மை தொட்டு வரைவான். மதுரையில் ஒரு கடையில் அதைப் பிலிம் எடுத்து, துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்து அனுப்புவார்கள். படத்துக்கு அந்தப் பிளாக், பேச்சுக்கு ஈய எழுத்து என்று இரண்டையும் சேர்த்து வைத்து பட்டாபி சார் தன் பிரஸ்ஸில் அச்சடித்துக் கொடுப்பார். தொண்ணூற்று மூன்று கிறிஸ்துமஸ் லீவுக்கு மூன்றாம் புத்தகம் வரவேண்டும் என்று எல்லாருக்கும் அவசரம். தாள்கள் வந்து நான் மடிக்க உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். கரைக்காரன் இடது கையால் வலை வீசிக்கொண்டிருந்தான்.

"ஏலே, ஒன் ஆளு எப்பம்ல இடக்கைக்காரன் ஆனான்?"

ஜெய்சன் குனிந்து பார்த்தான். "மதுரைக்காரன் பிலிமத் திருப்பிப் போட்டுட்டான்க்கா. எல்லாப் படமும் இடம் வலம் மாறிப் போச்சு. போட்டும், கரைக்காரனுக்கு ரெண்டு கையும் பழக்கம்னு அடுத்த புக்குல எழுதிருதேன்."

சிரித்துக்கொண்டே அடுத்த தாளை எடுத்தவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். அது பள்ளத்தான் மண்டபத்தடியில் நிற்கிற பக்கம். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னல?"

"ஒண்ணுமில்லக்கா. சின்னப் பிள்ளைய படிக்கிற புக்குதான."

முதல் இரண்டு புத்தகங்களில் பாதி திரும்பி வந்தன, கடை வாசலில் கிளிப் போட்டுத் தொங்கிய இடத்தில் வெயில் தழும்போடு. மூன்றாவதில் ஒன்றும் திரும்பவில்லை. அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருக்கிற ஞானையா அண்ணாச்சி, "கட்டைப் பிரிச்ச அன்னைக்கே காலி வே! இன்னொரு கட்டு இருந்தாக் கொண்டாரும்" என்று சொல்லி அனுப்பினார். பாபநாசத்திலும் காலி, திசையன்விளையிலும் காலி. நான் கேசரி கிண்டித் தெருவுக்கெல்லாம் கொடுத்தேன். என் பெயர் போட்ட புத்தகம் கடையில் நிற்காமல் ஓடுகிறது என்றால் சும்மாவா?

ஜெய்சன் கேசரியைத் தொடவில்லை. பஸ்ஸில், பள்ளிக்கூட வாசலில், கண்ட இடத்திலெல்லாம் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டு திரிந்தான். கரைக்காரன் புதுசு இன்னும் வரலியே அண்ணே என்றுதான் அவர்கள் சொன்னார்கள். புத்தகம் எல்லாம் விற்றுவிட்டது, படித்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

மேலப்பாளையத்தில் ஹமீது பீவி லாத்தா வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்தார். புத்தகங்களை விற்கமாட்டார்; பெஞ்சில் உட்கார்ந்து படிக்கலாம், வீட்டுக்கும் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கலாம். அங்கே போனபோது நானும் கூடப் போனேன்.

"வாரும் வே ஆர்ட்டிஸ்ட்டு!" என்றார் லாத்தா. "ஒம்ம கரைக்காரன் எப்பம் எங்க ஆளுவள்ல சேர்ந்தான்? ஒரு வார்த்தை சொல்லலியே, பிரியாணி போட்டிருப்பமே."

"என்ன லாத்தா சொல்லுதீய?"

"வேட்டியப் பாரும். போன புக்கு வரைக்கும் வலப்பக்கம் சொருகிக்கிட்டு இருந்தான். இப்பம் எங்க வீட்டு ஆம்பளைய மாதிரி இடப்பக்கம்லா சொருகியிருக்கான்!"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். தையல்காரி நானே அதைக் கவனிக்கவில்லை. ஜெய்சன் சிரிக்காமல், "இந்தப் புக்கக் கேட்டு யாரும் வந்தாவளா லாத்தா?" என்றான்.

"ஒரு பெரிய மனுசர் வந்தாரு. இருக்கத அம்புட்டும் குடுங்கன்னாரு. இது வாடகைக் கடை, வேணும்னா இங்கன உக்காந்து படிங்கன்னேன். பிள்ளையளோட பிள்ளையா உக்காந்து படிச்சாரு வே. இந்த ஒரு பக்கத்தையேதான் பாத்துக்கிட்டு இருந்தாரு." லாத்தா மண்டபப் பக்கத்தை விரித்துக் காட்டினார். "போகும்போது, 'படம் போடுத தம்பியப் பையப் போகச் சொல்லுங்க'ன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"தலையில துண்டு கட்டியிருந்தாரா?"

"ஆமா, காதை மூடி. வெயிலுக்குக் கட்டியிருப்பாருன்னு நெனச்சேன்."

திரும்பி வரும் வழியில்தான் ஜெய்சன் என்னிடம் சொன்னான். எழுதிய நம்பரில் பெயிண்ட் காய்கிற வரைக்கும் லாரி டிரைவர்கள் அவனோடு பேசிக்கொண்டிருப்பார்கள். சேரன்மகாதேவிக்கு மேற்கே ஒரு கல் மண்டபம். அதன் அடியில்தான் நல்ல மணல் கிடக்கிறது, ஆனால் அங்கே மட்டும் அள்ளக்கூடாது என்று உத்தரவு. போட்டவர் லாரிகளின் சொந்தக்காரர். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை, மொதலாளி என்பார்கள். அந்த உத்தரவு வந்தது, அந்தப் பக்கத்து மடைக்காரர் காணாமல் போன சமயத்தில். மணல் அள்ளுவதைப் பற்றி மனு எழுதிப் போட்ட மனிதர் அவர். பம்பாய்க்குப் போய்விட்டார் என்று ஊரில் பேச்சு. டிரைவர்கள் இதையெல்லாம் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். என் தம்பி சேர்த்து வைத்துப் பார்த்தான்.

"மொதலாளிக்கு இடது காது பாதிதான்க்கா. ஒருக்க ஜீப்புக்கு நம்பர் எழுத வந்தப்பம் துண்ட அவுத்து மொகத்தத் தொடச்சாரு, பாத்துட்டேன். மண்டபம் இருக்கது தென்கரை. அப்படியே வரைஞ்சாத் தெரிஞ்சிரும்னு காதை வலமாப் போட்டேன். மண்டபத்த வடகரைக்கு மாத்துனேன். நான் திருப்பி வச்சத மதுரைக்காரன் நேராக்கிட்டான்."

வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் வாசலில் ஜீப் வந்து நின்றது. வந்தவர் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்தார். பிறகு அதைத் திரும்பக் கட்டவில்லை. மடியில் மடித்து வைத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்க்கவிட்டார்.

"நல்லா வரையுதீரு தம்பி. அடுத்த புக்குல பள்ளத்தான் என்ன ஆவான்?"

"இன்னும் முடிவு பண்ணல அண்ணாச்சி."

"பண்ணிராதேயும். என்ன அவசரம்? பையச் செய்யும்." ஜெய்சனின் கையைப் பார்த்தார். "ஒமக்கு வலது கைதான? கரைக்காரனுக்கு இடது போலுக்கு."

எழுந்து வாசல்வரை போனவர் தையல் மெஷின் பக்கம் திரும்பினார்.

"சாலோமிங்கது நீயாம்மா? பேரப் பெரிசா அச்சடிச்சிருக்கானே ஒன் தம்பி. ஊருக்கே தெரியும் இப்பம்."

ஜீப் போன பிறகு நான் ஜெய்சனிடம் கெஞ்சினேன். "வேண்டாம்ல. நம்பர் எழுதிப் பொழைச்சுக்கிடுவோம். ஒனக்குக் கை வேணும்." அவன் வரைகிற அட்டைகளைப் பரண்மேல் போட்டுவிட்டான். அவனுடைய மைப் புட்டியில் மை காய்ந்து வெடித்துப் போனதை நான்தான் கழுவி வைத்தேன்.

அப்படியே முடிந்திருக்கும். ஆனால் லாத்தாவின் வாடகைப் புத்தகங்கள் மட்டும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்று எப்படியோ ஆற்றங்கரைக் கிராமம்வரை போய்விட்டது. தவக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். தன் பெயர் எலிசபெத் என்றாள். காணாமல் போன மடைக்காரரின் மனைவி. பனையோலைப் பெட்டிக்குள், சோற்றுத் தூக்குக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்த புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்தாள்.

"இது எந்தக் கரைங்கய்யா?"

ஜெய்சன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அது கதைம்மா. பிள்ளையளுக்குப் போட்டது."

"கதையாவே இருக்கட்டும். கதையில எந்தக் கரை?"

அவள் ஜெய்சனையே பார்த்தாள். "பம்பாய்க்குப் போனாவன்னு சொல்லுதாவ. போட்டுக்கிடுத சட்டை எல்லாம் கொடியிலயே கெடக்குய்யா. வெறும் மேலோட யாரு பம்பாய் போவா?"

நான் ஜெய்சனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். அவன் என் கையை மெதுவாக எடுத்துவிட்டான்.

"தென்கரை" என்றான். "மண்டபத்துக்கு நேர் கீழ. மணல் அள்ளாமக் கெடக்க எடம்."

அவள் புத்தகத்தை மூடிப் பெட்டியில் வைத்தாள். நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே போய்விட்டாள்.

எந்தெந்த அதிகாரி வாசலில் போய் உட்கார்ந்தாளோ எனக்குத் தெரியாது. எழுந்து போகச் சொன்னபோதெல்லாம் எழுந்திருக்கவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டேன். கடைசியில் ஆள் வைத்துத் தோண்டினார்கள். எலும்போடு இடுப்புக் கயிற்றில் மடைச் சாவி கிடந்தது. அதை எலிசபெத் அடையாளம் சொன்னாள். பிறகு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. மொதலாளியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. கோடை லீவு முடிவதற்குள் ஜாமீனில் வந்துவிட்டார்.

அவர் வந்த வாரமே ஒரு டிரைவர் நம்பர் தகட்டோடு வந்தான். ஜெய்சனோடு எப்போதும் கேலி பேசுகிறவன். அன்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தகடு முழுக்க பெயிண்ட் அடிச்சு, சுத்தி ஓரக்கோடு போட்டுக் குடும் வே. போதும்."

"நம்பர்?"

"நம்பர் வேண்டாமாம். மொதலாளி பெறகு சொல்லுவாவளாம், பைய."

ஜெய்சன் அவனை நிற்கச் சொல்லிவிட்டு, வழக்கம்போல் சுத்தமாக அடித்து, ஓரக்கோட்டின் நான்கு மூலையையும் உருட்டி முடித்துக் கொடுத்தான். அந்த மூலையும் அவனுடைய எட்டைப் போலத்தான், வேறு யாருக்கும் வராது.

"ஏம்ல அடிச்சுக் குடுத்த?" என்று கத்தினேன்.

"நான் அடிக்கலன்னா வேற எவனாவது அடிச்சுக் குடுப்பான்க்கா. இப்பம்னா எந்த வண்டின்னு எனக்குத் தெரியும்லா."

அன்று சாயங்காலமே பரணிலிருந்து அட்டைகளை இறக்கினான். நாலாம் புத்தகத்தில் காதை இடமாகவே வரைந்தான். மண்டபத்தைத் தென்கரையிலேயே வைத்தான். கரைக்காரன் மடைக்காரரை மணலுக்குள்ளிருந்து தோளில் தூக்கிக்கொண்டு வந்து அவர் வீட்டு வாசலில் இறக்குகிறான். பள்ளத்தான் சாகவில்லை, ஓடுகிறான். மதுரைக்கு ஜெய்சனே போய், பிலிமைத் திருப்பிவிடாதபடி பிளாக் கடையில் பக்கத்திலேயே இருந்து செய்து வாங்கி வந்தான்.

பட்டாபி சார் பிளாக்குகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏண்டா ஜெய்சன், கடைசிப் பக்கத்துல பிரஸ் பேர் போடணுமேடா. அது சட்டம்னா."

"விட்டுருவமா சார்?"

"விட்டா, பட்டாபி பயந்துட்டான்னு ஆயிடும். பயமாத்தாண்டா இருக்கு. போட்டுடு."

நான் ஒவ்வொன்றாக மடித்தேன். கரைக்காரன் வலது கையால் வலை வீசினான், வலப்பக்கம் வேட்டி சொருகியிருந்தான். இந்த முறை கடைகளுக்குக் கொண்டுபோகத் தனியாக அனுப்பமாட்டேன் என்று நானும் கூடப் போனேன்.

அடுத்த வாரமும் கணக்குப் பார்க்கப் போனோம். அம்பாசமுத்திரத்தில் கட்டு அப்படியே தொங்கியது. "எங்க வே, ஒண்ணு ரெண்டுதான் போச்சு" என்று ஞானையா அண்ணாச்சி உதட்டைப் பிதுக்கினார். "அதுவும் பிள்ளையதான் வாங்குச்சு. ஒண்ணு நின்னுக்கிட்டே படிச்சிட்டு ஓடிருச்சு." எனக்கு வந்த சந்தோஷத்தை அவருக்கு எப்படிச் சொல்ல? மொத்தமாக வாங்கிக்கொண்டு போக யாரும் வரவில்லை. பிள்ளைகள் படிக்கிறார்கள். ஜெய்சன் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தான். ஆளுக்கொன்று தின்றுகொண்டு திருநெல்வேலி பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்தோம்.

வீரவநல்லூர் தாண்டும்போது நான் வழக்கம்போல் எதிரே வருகிற லாரிகளைப் பார்த்து, இது ஜெய்சன் எட்டு, இது ஜெய்சன் எட்டு என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் திரும்பினேன்.

பின்னால் ஒரு காலி லாரி. முன்னால் மாட்டியிருந்த தகட்டில் ஓரக்கோடு மட்டும் இருந்தது, நான்கு மூலையும் உருண்டு. நடுவில் ஒன்றும் எழுதவில்லை. ரோடு காலியாகத்தான் கிடந்தது, முந்திப் போகலாம். அது முந்தவில்லை. பஸ் நிற்கிற இடத்தில் நின்றது, கிளம்பினால் கிளம்பியது, பையப் பைய எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.