மட்டக்கம்பு வைத்து வெட்டிய மேசைவிரிப்பு

இழை எண்ணித் தைக்கிற துணியில், தையலைத் தொடங்குமுன் ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிடித்து உருவ வேண்டும். இழை போன இடம் மெல்லிய கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் கத்தரிக்கோலை ஓட்டினால்தான் துணி நேராக இருக்கும். கிளாக்கர் வீட்டு அம்மா இதை எனக்கு முதலிலேயே சொன்னார். நான் செய்யவில்லை. புதுத் துணி, அதுவும் இன்னொருவருடைய துணி. அதிலிருந்து ஓர் இழையைப் பிடுங்கினால் துணி கெட்டுப்போகாதா என்று பயந்தேன். பயந்த குணம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று பாதி மலையிலிருந்து லயத்து வீட்டுக்குத் திரும்பி ஓடியிருக்கிறேன். அதற்காகக் கங்காணியிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.

இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அம்மா செத்ததும் வீட்டில் சோறாக்க ஆள் இல்லை, படித்தது போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். பேர் பதிகிற வயது வந்ததும் கூடையை மாட்டிக்கொண்டு, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் மற்ற பெண்களோடு போய் நின்றேன். அப்பாவும் போன பிறகு அண்ணன், மதினி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நான் என்று எல்லோரும் லயத்து வரிசைவீடுகளில் ஒரே அறையான ஒரு காம்பராவில் இருந்தோம்.

எனக்கு இழுப்பு. மழைக்காலத்தில், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து கனக்க, மேல்மலையில் பனிக்குள் நிற்கும்போது நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி சத்தம் வரும். பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறவள், “இன்னிக்கும் பூனைக்குட்டிய கூட்டியாந்துட்டியா?” என்பாள். நானும் சிரிப்பேன். சிரித்தால் இன்னும் இழுக்கும். இப்படியே இன்னொரு மழைக்காலம் மேல்மலையில் நின்றால் நான் தாங்கமாட்டேன் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் புள்ளக்காம்பராவில் ஆள் தேவைப்படும் என்ற பேச்சு வந்தது. வேலைக்குப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அங்கே இருந்த ஆயாவுக்கு வயதாகிவிட்டது. நோட்டன் பிரிட்ஜில் இருந்த மகன் வந்து கூட்டிப்போகப் போகிறான் என்றார்கள். தலைக்கு மேலே கூரை, பால் காய்ச்ச எப்போதும் எரிகிற அடுப்பு, நனையாத சேலை. எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தது. அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரித்தார். நாட்டில் நம்மை வைத்திருப்பார்களா இந்தியாவுக்கு அனுப்புவார்களா என்பதே தெரியவில்லை, இவளுக்குப் புள்ளக்காம்பரா வேலை கேட்குது என்றார். அந்தக் காலத்தில் லயத்து ஆம்பிளைகள் கூடி நின்றால் பிரஜாவுரிமைப் பேச்சுதான்.

யாரைப் போடுவது என்று தோட்டத்துத் துரைதான் முடிவு செய்வார். துரையிடம் பேரைச் சொல்கிறவர் ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கிற பெரிய கிளாக்கர். கிளாக்கரிடம் சொல்லக்கூடியவர் அவருடைய மனைவி.

அந்த அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளைகள் ஊரில் படித்துக்கொண்டிருந்தார்கள். தனியாக இருந்து சலித்துப்போய், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் லயத்துப் பெண்கள் சிலரைப் பின் வராந்தாவில் உட்காரவைத்துக் குறோஸ் தையல் பழக்கினார். இழைகளை எண்ணி எண்ணி, பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி புள்ளடியாகப் போட்டுப் பூ எழுப்புகிற தையல். மற்றவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். நான் நிற்கவில்லை. எண்ணுவது எனக்கு வரும். எண்ணினதையே சரிதானா என்று திரும்ப எண்ணுகிற கிறுக்கும் எனக்கு உண்டு. அந்த வேலைக்கு அது பொருந்தியது.

ஒருநாள் அவர் தலவாக்கலைக் கடையில் வாங்கிய வெள்ளைத் துணியையும் நூல்களையும் என் கையில் கொடுத்தார். அவருடைய தங்கைக்குக் கலியாணம், மேசைவிரிப்பு வேண்டும்.

“வடிவாத் தைச்சுத் தா, பிள்ளை. புள்ளக்காம்பரா விசயம் நான் ஐயாட்டைச் சொல்லுறன்” என்றார். பிறகு, “முதல் ஒரு நூலை இழுத்துப் பாத்து வெட்டு, என்ன?” என்றார்.

சரிங்கம்மா என்று துணியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் சரக்குப் பெட்டியைத் துடைத்து அதன்மேல் துணியை விரித்தேன். ஓர் இழையை ஊசி முனையால் தூக்கினேன். அது சுருங்கிக்கொண்டு வந்தது. துணி முழுதும் சுருங்குவதுபோலத் தெரிந்ததும் கையை எடுத்துவிட்டேன். இழையை உருவாமல் நேர் பார்க்க வழி இல்லையா என்று யோசித்தபோது கதவு மூலையில் சாய்த்துவைத்திருந்த மட்டக்கம்பு கண்ணில் பட்டது.

தேயிலைச் செடிகளின் தலை ஒரே மட்டமாக இருக்க வேண்டும். அதற்காகக் கொழுந்து எடுக்கும்போது செடிமேல் ஒரு நேரான கம்பைப் போட்டுப் பார்ப்போம். அதுதான் மட்டக்கம்பு. கம்புக்கு மேலே நிற்பதைக் கிள்ளலாம், கீழே கைவைக்கக் கூடாது. நாளெல்லாம் அதைப் போட்டுப் போட்டு எடுக்கிறவர்களுக்கு அதைவிட நேரான பொருள் உலகத்தில் இல்லை. கோழிக்கூடு கட்டினாலும், காமன்கூத்துக்குப் பந்தல் போட்டாலும் எங்கள் லயத்தில் மட்டக்கம்புதான் அளவு. நானும் கடைக்காரன் வெட்டிக் கொடுத்த ஓரத்தோடு அந்தக் கம்பை வைத்தேன். தேய்ந்த சவர்க்காரத் துண்டால் கோடு போட்டேன். பிசிறை வெட்டினேன். நூல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில், பூ போடுவதற்கு முன்னாலேயே நான்கு பக்கமும் இறுக்கமாக மடித்துத் தைத்தும் முடித்தேன். இரண்டு தரம் மடித்தேன். அப்போதுதான் மனம் அமைதியானது.

பிறகு நீளப் பக்கத்தில் சிவப்புப் பூவும் பச்சை இலையுமாக ஒரு வரிசை தொடங்கினேன். வேலை விட்டு வந்து, வெளிச்சம் இருக்கும்வரை வாசலில் உட்கார்ந்து தைப்பேன். மதினி பாத்திரம் கழுவிக்கொண்டே என்னைப் பார்ப்பாள். அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். லயத்தில் எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும்.

“ஏ புள்ள, ஒன் பூவெல்லாம் மலையேறுதே” என்றாள் ஒருநாள்.

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். துணியைத் தூரப் பிடித்துப் பார்த்தால், தொடங்கிய இடத்தில் மடிப்புக்கும் பூவுக்கும் இடையில் மூன்று விரல் இருந்தது. மற்ற முனையில் ஒரு விரல்கூட இல்லை. இன்னும் நாலு பூ போட்டால் மடிப்பின்மேல் ஏறிவிடும். எனக்கு அங்கேயே இழுக்கத் தொடங்கிவிட்டது.

இழையைத் திரும்ப எண்ணினேன். எண்ணிக்கையில் பிழை இல்லை. அப்போதுதான் விளங்கியது. கடைக்காரன் கோணலாக வெட்டியிருக்கிறான். கோணல் ஓரத்தோடு கம்பை வைத்தால் கோணல் கோடுதான் வரும். பூ ஓரத்தைப் பார்த்துப் போவதில்லை, இழையைப் பார்த்துப் போகிறது. மலையிலும் அப்படித்தானே. சரிவில் நிற்கிற செடிமேல் கம்பைப் போட்டால் கம்பும் சரிவாகத்தான் கிடக்கும். அதைத்தான் நாங்கள் மட்டம் என்கிறோம். இத்தனை வருசம் கையில் வைத்திருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

மடிப்பு முழுவதையும் பிரித்தேன். இந்தமுறை பல்லைக் கடித்துக்கொண்டு இழையை உருவினேன். அது அறுந்து அறுந்து வந்தது. அறுந்த இடத்திலிருந்து திரும்பத் தேடிப் பிடித்தேன். கடைசியில் கோடு தெரிந்தது. துணி கெடவில்லை. இவ்வளவுதானா என்றிருந்தது. ஆனால் கோட்டின்மேல் வெட்டியதில் அகலத்தில் கொஞ்சம் போய்விட்டது. நான் இறுக்கி மடித்திருந்ததில் துணியும் ஒரு பக்கமாக முறுகியிருந்தது. ஈரம் காட்டி, எதிரெதிர் மூலையில் இரண்டு பேர் நின்று இழுத்தால்தான் நேராகும் என்று கிளாக்கர் அம்மா முன்பு சொல்லியிருந்தார். அவரிடம் போய்ச் சொல்லப் பயம். மதினியைத்தான் கேட்டேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு மூலையை அவள் பிடித்தாள், எதிர் மூலையை நான் பிடித்தேன். இழுத்தோம். மூலை மாற்றி இழுத்தோம்.

“ஒங்கண்ணனோடகூட நான் இம்புட்டு இழுபறி பட்டதில்லடி” என்றாள்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தக் காம்பராவில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

மேசைவிரிப்பு முடிந்தது. நான்கு பக்கமும் பூ நேராக ஓடி மூலையில் சந்தித்தது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோக வேண்டும். வேலை விசயத்தை ஞாபகப்படுத்தவும் வேண்டும். அந்த அம்மா முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். விரிப்பு அகலம் குறைந்ததற்கு என்ன சொல்வது என்று வேறு நடுக்கம். அதனால் மதினியையும் வரச் சொன்னேன். நான் கேட்டுத்தான் அவள் வந்தாள். அதை இன்றைக்கும் மறைக்க முடியாது.

கிளாக்கர் அம்மா விரிப்பை மேசையில் போட்டுப் பார்த்தார். சுற்றிவந்து பார்த்தார். கொஞ்சம் கட்டையாக இருக்கிறது என்றார். பிறகு பூவைத் தடவிப் பார்த்து, நல்ல வேலை என்றார். நான் பேசவேண்டிய இடம் அதுதான். என் வாய் திறக்கவில்லை. மதினி பேசினாள்.

“அம்மா, அந்தப் புள்ளக்காம்பரா வேலைய இவளுக்கு வாங்கிக் குடுத்துருங்க. இவளுக்கு இழுப்புங்க. மலையில நிக்க முடியல. மழைக்காலத்துல ராவெல்லாம் ஒக்காந்தே கெடக்குறா.”

அந்த அம்மாவின் கை விரிப்பிலிருந்து எடுபட்டது.

“தொய்வோ?” என்று என்னைக் கேட்டார். எங்கள் இழுப்பைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். நான் தலையை ஆட்டினேன். “பிறகு எப்பிடிப் பிள்ளை கைக்குழந்தையளோடை இருக்கிறது? துரைசாணி அடிக்கடி வந்து பாக்கிறவ. தெரிஞ்சா ஐயாவைத்தானே ஏசுவினம்.”

இழுப்பு தொற்றாதுங்க என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் மதினியின் பக்கம் திரும்பிவிட்டார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். நோய் நொடி உண்டா, தையல் ஏதும் தெரியுமா என்றும் கேட்டார். மதினி என்னை ஒருதரம் பார்த்தாள்.

“இந்த விரிப்ப நானுந்தாங்க இழுத்து நேராக்குனேன்” என்றாள்.

அது பொய் இல்லை.

அடுத்த மாதம் மதினி புள்ளக்காம்பராவுக்குப் போனாள். வேலை அவளுக்குத்தான் என்று பேச்சு முடிந்த அன்றைக்குச் சோறு போடும்போது அவள் சொன்னாள்: “ஒனக்காவத்தான் சொன்னேன். அவங்களா கேட்டா நான் என்னான்னு சொல்றது? எனக்கும் ரெண்டு புள்ள இருக்குல்ல.” அண்ணன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்காகத்தான் சொன்னாளா, இழுப்பைச் சொன்னால் எனக்கு வேலை கிடைக்காது என்று தெரிந்தே சொன்னாளா என்று மேல்மலையில் நின்று பல வருசம் யோசித்திருக்கிறேன். ஒருநாள் அவள் நல்லவளாகத் தெரிவாள், மறுநாள் தெரியமாட்டாள். என்னால் அதை ஒரு பக்கமாக முடிவு செய்ய முடிந்ததே இல்லை. அந்த மழைக்காலத்தில் நான் சாகவில்லை. அடுத்ததிலும் சாகவில்லை. நெஞ்சு மட்டும் ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டது.

பிறகொருநாள் மதினி வேலை விட்டு வரும்போது ஒரு வெள்ளைத் துணியோடு வந்தாள். துரைசாணி கொடுத்ததாம். புள்ளக்காம்பராவில் பால் வைக்கிற மேசைக்குக் கரையில் பூப்போட்டு விரிக்க வேண்டுமாம். துணியை என் பக்கம் நீட்டினாள்.

“தொடங்கி மட்டும் குடு. நேரு பாத்துக் குடுத்தா நான் தச்சுக்குவேன்.”

முடியாது என்றேன். அவள் துணியைச் சரக்குப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். இவள் கோணலாகத் தைத்து, துரைசாணி பார்த்து ஏதாவது சொல்லி, வேலை போய்விட்டால் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று என் மனம் தானாக ஓடியது. அந்த மனதை நான் எவ்வளவோ வைதிருக்கிறேன்.

எழுந்து போய் ஊசி முனையால் ஓரத்து இழையைத் தூக்கி உருவினேன். அறுபடாமல் ஒரே வீச்சில் வந்தது. கோட்டின் மேல் வெட்டிவிட்டு, துணியில் தண்ணீர் தெளித்தேன். எதிர் மூலையைப் பிடிக்கச் சொல்லி அவளைக் கூப்பிட்டேன். இருவரும் இழுத்தோம். நான் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் அப்படித்தான்.