வருவதை மட்டும் கேட்ட ஹலீம் நானா

வவுனியா பஜாரில் தண்ணீர்ப் பம்ப் விற்கும் ஹலீம் நானாவை ஏமாற்ற இனிமேல்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும். இதை ஊர் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார். யுத்தத்தால் ஓமந்தைக்கு அப்பால் பாதை மூடி வியாபாரம் படுத்த பிறகும் அந்த வாய் மட்டும் படுக்கவில்லை.

மகள் றிம்ஸியாவின் கணவர் முபாறக் குவைத்தில் லொறி ஓட்டினார். மகனை அவர் படத்தில்தான் கண்டிருந்தார். அந்தப் பிள்ளை இப்போது தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிவிட்டது.

"மாமா, அவன் நடக்கிறத ஒருக்காக் கண்ணால பாத்திட்டனெண்டாப் போதும்," என்று போனில் முபாறக் கெஞ்சினார். நானாவுக்கு நெஞ்சு உருகிப்போயிற்று. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் எடுக்கப் புறப்பட்டுவிட்டார்.

கம்ப்யூட்டர் கடைச் சுதாகரன் விலை கூடிய ரவுட்டர் ஒன்றைத் தூக்கிக் காட்டினான். "செக்கனுக்கு ஐம்பத்து நாலு மெகாபிட், நானா!"

"அது உங்கட பெட்டியின்ர வேகம். கிணறு ஊறுற அளவுக்குத்தானே தம்பி பம்ப் இறைக்கும்? போன் கம்பியில வாறது எவ்வளவு?"

சுதாகரன் தூக்கிய ரவுட்டரைக் கீழே வைத்தான். எட்டுப் பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதையும் நானா ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டார். மலிவான ரவுட்டரே போதும் என்று முடிவாயிற்று. சும்மா சொல்லக்கூடாது, அதுவரைக்கும் மனுசன் கெட்டிக்காரன்தான்.

"கனெக்சன் ரெண்டு வகை, நானா. விலை ஒண்டுதான். ஒண்டில ஆயிரம் கிலோபிட் வரும், அறுபத்து நாலு போகும். மற்றதில ஐந்நூறு வரும், ஐந்நூறு போகும்."

"போறது எனக்கென்னத்துக்கு? வாறதச் சொல்லும். ஆயிரத்தைப் போடும்!"

"முகம் பாத்துக் கதைக்கிறதெண்டா, நானா…"

"ஓகோ, விலைப்படாத சாமான என்ர தலையில கட்டப் பாக்கிறீரோ?"

வியாபாரிப் புத்தி, வேறென்ன! வருவதைத்தானே அது எண்ணும்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால் கூடினார்கள். முபாறக்கின் முகம் பளிச்சென்று வந்தது. தாடியில் விழுந்திருந்த நரைகூடத் தெரிந்தது. "அல்லாவே, மெலிஞ்சு போனாரே," என்று நானாவின் மனைவி சபூறா அழுதா. நானா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேரனைக் கமராவுக்கு முன்னால் இறக்கிவிட்டார். பிள்ளை தள்ளாடித் தள்ளாடி அறை முழுக்க நடந்தது.

முபாறக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். "கட்டம் கட்டமா நிக்குது மாமா. ஒண்டும் அசையேல்ல."

நானாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மருமகன் இங்கே வருகிறார், ஆயிரத்தில். பேரன் அங்கே போகிறான், அறுபத்து நாலில். ரவுட்டரை அணைத்துப் போட்டார், வயரைக் கழற்றி மாட்டினார், திரும்ப அழைத்துப் பார்த்தார், கட்டம் மாறவில்லை என்றதும் சுதாகரனைக் கண்டபடி திட்டினார். களைத்த பிள்ளை தாயின் மடியில் தூங்கிப்போயிற்று.

"என்ர பிழை, மருமகன்," என்றார் நானா.

முபாறக் திரையைப் பார்த்துச் சிரித்தார். "இல்ல மாமா, இப்ப நல்லாத் தெரியுது. எவ்வளவு வடிவா நடக்கிறான்!"

தூங்குகிற பிள்ளையை றிம்ஸியா இறுக்கி அணைத்துக்கொண்டாள். முபாறக்கின் கண்ணீர் மட்டும் ஒரு சொட்டும் தப்பாமல் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.