முகமூடி போட்டு வந்த ஓதெலி

எங்கள் கரையில் பெயரை மட்டும் சொன்னால் ஆளைத் தெரியாது. அப்பன் பெயரும் தாத்தன் பெயரும் சேர வேண்டும். என் நாத்தனார் ஓதெலி, பிலியாஸ் மகள், தில்மோன் பேத்தி. மந்திரியான லெயாந்தர், மெதெரிக் மகன், அதே தில்மோனின் தங்கை பேரன். கனடாவின் கிழக்குக் கரையில், எங்கள் அன்ஸ் மொரூவில், பிரெஞ்சு பேசும் அக்காடியர் நாங்கள் எல்லாருமே இப்படி எங்காவது ஓரிடத்தில் வந்து முட்டிக்கொள்வோம்.

ஓதெலி படகுகளுக்கு வானிலை அறிக்கை வாசித்தவள். கலங்கரை விளக்கத்தை ஒட்டிய அறையில் உட்கார்ந்து, விடியும் முன்பே ரேடியோவில் பிரெஞ்சில் சொல்லுவாள். அவளுக்கு முன்னால் எல்லாம் இங்கிலீஷில்தான் வந்தது. அவள் அப்பா, என் மாமனார் பிலியாஸுக்கு அதில் ஒரு சொல் புரியாது. புயல் எச்சரிக்கை ஓடிக்கொண்டிருந்த காலையில் அதை அணைத்துவிட்டுப் படகை எடுத்தவர் திரும்பவில்லை. அந்த வேலைக்கு ஓதெலி ஏன் போனாள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

காற்று, அலை, மூடுபனி என்று அரசாங்கம் எழுதித் தந்ததைப் படித்து முடிப்பாள். பிறகு சொந்தமாக ஒரு வசவு வரும்.

"நோர்பேர், வலை எங்கயும் ஓடிப்போயிடாது. பொண்டாட்டி அடுப்புல சூப்பு வச்சிருக்கா, திரும்பி வா!"

நோர்பேர் திரும்பி வருவான்.

லெயாந்தர் தலைநகர் ஒட்டாவாவில் மந்திரியானபோது கோயில் மணி அடித்தோம். அரசாங்கச் செலவை இழுத்துப் பிடிப்பது அவன் வேலை. நாட்டின் இரண்டு மொழிக்கும் சமமான இடம் கிடைக்கிறதா என்று பார்ப்பதும் அவன் வேலைதான். இரண்டையும் ஒரே தலையில் கட்டியிருந்தார்கள். எங்கள் மொழிக்கு நம் பையன் இருக்கிறான் என்று நிம்மதியாக இருந்தோம். செலவைக் குறைக்கும் வருஷம் வந்தது. சின்னக் கரைகளில் பிரெஞ்சில் வானிலை வாசிப்பதை நிறுத்தலாம், பெரிய நகரத்து இங்கிலீஷ் ஒலிபரப்பே போதும் என்று ஒரு யோசனை அவன் மேஜைக்குப் போயிருப்பதாகச் சேதி வந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"போய்க் கேளுங்க அண்ணி, உங்க சொந்தக்காரன்தானே," என்றேன்.

"அவன் மூக்கைத் தொடச்சு விட்டவ நான். அவங்கிட்டப் போயி அழணுமாக்கும்?" என்றாள் ஓதெலி.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பின் நடுநாள் வந்தது. அன்று மட்டும் எங்களுக்கு நோன்பு கிடையாது. முகத்தை மூடி, கண்டதை உடுத்தி, வீடு வீடாகப் போவோம். குரலை மாற்ற மூச்சை உள்ளே இழுத்துப் பேசுவோம். வீட்டுக்காரர் ஆளைக் கண்டுபிடித்தால் முகமூடியைக் கழற்ற வேண்டும். முடியாவிட்டால் அவர் இனிப்புத் தர வேண்டும். ஓதெலி இதற்கெல்லாம் வந்ததே இல்லை. எப்படி மூச்சை இழுத்தாலும் அந்தக் குரலை ஊரே அறியும்.

லெயாந்தர் அம்மாவைப் பார்க்க வந்திருந்தான். நாங்கள் ஏழெட்டுப் பேர் உள்ளே நுழைந்தோம். என்னை உடனே பிடித்துவிட்டான். அவன் அண்ணன் எத்கார் பெண்பிள்ளைப் பாவாடையில் வந்திருந்தான்.

"எத்கார், பாவாடை கட்டினாலும் பூட்ஸ் மீன் நாத்தம் அடிக்குதே!" என்று அவனையும் பிடித்தான்.

கடைசியாக ஒரு உருவம் மிஞ்சியது. மீன்பிடிக்கப் போகையில் மழைக்குப் போடும் பழைய எண்ணெய்த்துணிச் சட்டை, தலையில் தலையணை உறை. அது பேசவே இல்லை.

"ஒரு வார்த்த பேசு. அதான வழக்கம்?"

உருவம் மாட்டேன் என்று தலையை ஆட்டியது.

"நோர்பேரா? பாதிரியாரா? அடேய், யாராயிருந்தாலும் ஒரு இருமலாவது இருமு!"

எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவன் தோற்று, சர்க்கரைக் கட்டியை எடுத்துக் கொடுத்தான். உருவம் அதை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்து போய்விட்டது. என் கூட வந்தவள்தான் என்றாலும் நான் மூச்சு விடவில்லை.

மறுநாள் விடியலில், இரவல் வாங்கியிருந்த பாத்திரத்தைத் திருப்பித் தர அந்த வீட்டுக்குப் போனேன். லெயாந்தர் காபியோடு உட்கார்ந்திருந்தான். ரேடியோவில் காற்றும் அலையும் சொல்லி முடித்த ஓதெலி நிறுத்தவில்லை.

"மெதெரிக் மகன் லெயாந்தருக்கு ஒரு சேதி. நேத்து நீ குடுத்த இனிப்பு ரொம்ப நல்லாருந்துச்சு. நான் பேசாம இருந்தேன், உனக்கு என்னயத் தெரியாமப் போச்சு. பரவால்லப்பா."

லெயாந்தர் கோப்பையைக் கீழே வைத்தான். அவன் அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாள். "தெனமும் உங்கண்ணனக் கரை சேக்கிறவடா அவ. போ, உங்க ஊருல போயி நல்லாக் கையெழுத்துப் போடு."

"அம்மா, எங்கயாவது ஒரு இடத்துல வெட்டித்தானே ஆகணும்?" என்றான்.

"அப்ப உனக்கு எங்க வலிக்குமோ அங்க வெட்டு."

வசந்தத்தில் உத்தரவு வந்தது. கரைகளில் பிரெஞ்சு நிலைத்தது. அதற்குப் பதில், எங்கள் துறைமுகத்துக்கு வர இருந்த ஐஸ் கிடங்கை லெயாந்தர் வெட்டிவிட்டான். கிடங்குக்கு அஸ்திவாரம் தோண்டி வைத்திருந்தவன் எத்கார். தம்பியோடு அவன் வெகுகாலம் பேசவில்லை. அந்தப் பள்ளத்தில் மழைநீர் தேங்கி, வாத்துகள் வந்து இறங்கின. நாங்கள் அதற்கு மந்திரிக்குளம் என்று பெயர் வைத்தோம்.

ஓதெலி இப்போது கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில், தன் அம்மா பக்கத்தில் இருக்கிறாள். இன்று இயந்திரக் குரல் இரண்டு மொழியிலும் பிசகாமல் சொல்கிறது. யாரையும் திட்டுவதில்லை.

என் புருஷன் தியோதிம், கிடங்கு போன அந்த வருஷமெல்லாம் எத்காரின் படகில்தான் போனார். கரையை விட்டதும் எத்கார் தம்பியைத் திட்டத் தொடங்குவானாம், ஐஸ் இல்லை, மீன் கெடுகிறது என்று. ஓதெலியின் குரல் வந்ததும் வாயை மூடி, சத்தத்தைக் கூட்ட ரேடியோவின் குமிழைக் கடைசி வரை திருகுவானாம்.