முன்வரிசையில் நிற்பவன்

இன்று பாண்டி பஜாரில் என் நண்பன் சேகரின் மனைவி அனிதாவைப் பார்த்தேன். சேகர் இறந்து எட்டு மாதமாகிறது.

நானும் அவனும் மொபைலில் அமெரிக்கன் ஃபுட்பால் கேம் ஆடுவோம், இருவருக்கும் சேர்த்து ஒரே டீம். முன்வரிசையில் நின்று எதிராளிகளைத் தடுக்கும் ஒரு ஸ்டார் வீரனை சேகர் பிடிவாதமாக வைத்திருந்தான். "நம்ம பந்து போடுறவனையே அவனுங்க சாச்சிட்டா, ஓடுறவன் இன்னா மச்சி பண்ணுவான்?" என்பான்.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கேட்காமலே அந்த வீரனை வேறு டீமுக்குக் கொடுத்துவிட்டு, வேகமாக ஓடும் ஒருவனை எடுத்தேன். அடுத்தடுத்துத் தோற்றோம். அவன் போனபின் நான் கேமைத் திறக்கவே இல்லை.

"அந்த ஆள மாத்துனதுல எம்மேல கோவமா இருந்தானாம்மா?" என்று அனிதாவிடம் கேட்டேன்.

"இல்லண்ணா, சிரிச்சாரு. அவனத் திருப்பி எடுக்கணும்னு படுத்துக்கினே ஆடிக்கினு இருந்தாரு."

திரும்பும்போது பஸ்ஸிலேயே கேமைத் திறந்தேன். அந்த வீரன் பழைய இடத்தில் நின்றிருந்தான்.

ஒரு மேட்ச் ஆடினேன். பந்து போடுபவனை ஒருவனும் நெருங்க முடியவில்லை. எனக்குத்தான் கண் கலங்கி ஸ்க்ரீன் தெரியவில்லை. அவன் அப்படிக் காத்தும் தோற்றேன்.

சேர்ந்து ஆட யாராவது வருகிறீர்களா? டீமை மட்டும் மாற்றச் சொல்லக் கூடாது.