இழுத்து ஊதுங்க

பள்ளிக்கூடத்தில் என் அக்காவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'ஜாக்கிரதை மிஸ்'. வேதியியல் ஆசிரியை. பூட்டிய கதவைத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். அங்கேயே ஓவியம் சொல்லித்தரும் நான், ஈரச் சுவரில் பிள்ளைகளை வரைய வைப்போம் என்றதும் அவளுக்குத் தூக்கம் போயிற்று.

பெரிய மிஸ், அதாவது தலைமையாசிரியை, அக்காவின் பொறுப்பில் அனுமதித்தார். ஆனால் யாருக்காவது சின்னதாக ஏதாவது ஆனாலும் அக்கா இனி கரும்பலகையோடு சரி, செய்முறை வகுப்பே கிடையாது. அக்காவுக்கு அந்த வகுப்புதான் உயிர்.

காலையில் கொத்தனார் நடைகூடச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு பூசிவிட்டுப் போனார். அது காய்வதற்குள் வரைந்தாக வேண்டும். ஏன் என்று முதலில் அக்கா விளக்கினாள். நம் மூச்சில் இருக்கிற கரியமில வாயு காற்றிலும் உண்டு. அது பட்டுப் பட்டுச் சுண்ணாம்பு கல்லாகும், நிறமும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழல் வைத்து ஊதினால் பாலாக வெளுப்பதும் அதனால்தான். அதைக் காட்ட ஆளுக்கொரு டம்ளரில் அந்த நீரும் ஒரு குழலும் கொடுத்தாள்.

"குடிச்சிடக் கூடாது, ஜாக்கிரதை! மூச்ச நல்லா இழுத்து ஊதுங்க."

எல்லா டம்ளரும் வெளுத்தன, வாயாடி என்று நாங்கள் கூப்பிடும் சிறுமியுடையது தவிர. அதைவிட மோசம், அவள் வாயே திறக்கவில்லை. கன்னம் உப்பியிருந்தது.

"துப்புடி! துப்பு!"

அக்கா அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். கொப்பளிக்க வைத்தாள், மறுபடி மறுபடி. நான் பள்ளி நர்ஸைக் கூப்பிட ஓடினேன். நர்ஸ் வந்து பார்த்து, நாக்கு லேசாகச் சிவந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார்.

"இழுத்து ஊதுங்கன்னீங்க மிஸ்," என்றாள் வாயாடி. "இழுத்துட்டேன். அப்புறம் எப்படி ஊதறதுன்னு தெரியல."

"பெரிய மிஸ்கிட்ட சொல்லாதக்கா," என்றேன்.

"புள்ள நாக்குடி. எப்படிச் சொல்லாம இருக்க?"

போனாள். திரும்பியபோது முகத்தில் ஈயாடவில்லை. "இதுதான் கடைசின்னுட்டாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் தூரிகைகளை எடுத்துக் கொடுத்தாள். "வரைங்க பிள்ளைங்களா, காயுது."

வாயாடி செங்காவியில் கன்னம் உப்பிய ஒரு பெண்ணை வரைந்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"பெரிய மிஸ் அழிக்கச் சொன்னா அழிஞ்சிடுமா மிஸ்?"

"இப்ப துடைச்சா போயிடும். இறுகிட்டா கொத்தித்தான் எடுக்கணும்."

வாயாடி சுவரருகே போய், மூச்சை இழுத்து, படத்தின்மேல் ஊதத் தொடங்கினாள். மற்ற பிள்ளைகளும் போய் ஊதினார்கள். ஜாக்கிரதை என்று சொல்ல வாயெடுத்த அக்கா, சொல்லாமல் அவர்களோடு நின்று தானும் ஊதினாள்.