ஒரு மணிக்கு ஓடிய ஏசி

கிரிஸ்புலோ ஆறாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். பிலிப்பைன்ஸில் இலோய்லோ நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரில் பாதி வீடுகளுக்கு ஒயரிங் அவர் கைதான். "ஒவ்வொண்ணா போட்டுப் பாரு, ஒவ்வொண்ணா அணைச்சுப் பாரு. நோட்டம் பாத்து வேலை செய்யிறவன் வீட்டைக் கொளுத்துவான்" என்று எல்லாரையும் திட்டிக்கொண்டே இருப்பார். அப்படித் திட்டியவரே ஒரு நாள் அதைச் செய்யாமல் விட்டார்.

அந்த வீடு நொனிட்டோவுடையது. அவன் மகளின் ஞானஸ்நானத்தில் கிரிஸ்புலோ ஞானத்தகப்பனாக நின்றதிலிருந்து அவனுக்கும் அவன் மனைவி லுஸ்மின்டாவுக்கும் அவர் 'கும்பாரே', கூடப்பிறந்தவர் போல; அவருக்கு நொனிட்டோவும் கும்பாரே. லுஸ்மின்டா ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்கிறாள். போன விடுப்பில் வந்தபோது ஒரு மின் அளவுப் பெட்டி வாங்கி வந்தாள். கிரிஸ்புலோதான் மாட்டிக் கொடுத்தார். சுவிட்ச் பெட்டிக்குள் ஒவ்வொரு ஒயரையும் ஒரு கவ்வி பிடித்துக்கொள்ளும். எந்த ஒயர் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பது அவள் போனில் தெரியும். "அங்க இருந்தே வீட்டைப் பாத்துக்குவேன், கும்பாரே. ஜூன்ல ஒப்பந்தம் முடிஞ்சதும் ஒரேயடியா வந்துடுவேன்" என்றாள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நொனிட்டோ கூப்பிட்டான்.

"மோட்டார் ராத்திரி பூரா ஓடுதாம், கும்பாரே. தொட்டி ஓட்டையான்னு லுஸ்மின்டா பொண்ணுகிட்ட சொல்லிக் கேக்குறா. எனக்குச் சத்தமே கேக்கல."

கிரிஸ்புலோ தொட்டியைத் தட்டிப் பார்த்தார். சொட்டுக்கூடக் கசியவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டுப் படுக்கையறை ஏசியை மட்டும் போட்டார். நொனிட்டோவின் போனில் 'ஏசி' என்ற வரி செத்துக் கிடந்தது. 'மோட்டார்' என்ற வரி எண்ணூறு வாட்டுக்குத் தாவியது.

கவ்விகள் இரண்டும் இடம் மாறியிருந்தன. கவ்வி மாட்டிய அன்று கிரிஸ்புலோ, பெட்டிக் கதவில் யாரோ பென்சிலால் எழுதி வைத்த பெயர்களை நம்பியிருந்தார். ஏசியையும் மோட்டாரையும் சேர்த்தே ஓடவிட்டார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு இழுப்பவை. இரண்டு வரியிலும் எண் வந்ததும் பெட்டியை மூடிவிட்டார்.

"வேற ஏதாவது கேட்டாளா?"

நொனிட்டோ கசப்பாகச் சிரித்தான். "மதியம் ஒரு மணிக்கு பெட்ரூம்ல ஏசி போட்டுக்கிட்டு எவகூடப் படுத்திருக்கன்னு கேட்டா. அந்நேரம் நான் அரிசி மில்லுல மூட்டை தூக்கிட்டு இருப்பேன். அதுல இருந்து ரெண்டு மாசமா என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. பொண்ணுகிட்ட மட்டும் பேசுறா."

ஒரு மணிக்குத்தான் அந்தத் தெருவில் குழாய்த் தண்ணீர் வரும். மோட்டார் தானாகவே ஓடித் தொட்டியை நிரப்பும்.

நொனிட்டோ கொல்லையில் மீன் கழுவப் போனதும் கிரிஸ்புலோ தன் போனில் லுஸ்மின்டாவை அழைத்தார். அவளுக்கு அன்று விடுமுறை. பின்னால் பெண்களின் சிரிப்பு கேட்டது.

"தப்பு என்னோடது, லுஸ்மின்டா. ரெண்டு கவ்வி மாறிக் கெடக்கு. ஒரு மணிக்கு ஓடினது ஏசி இல்ல, மோட்டாரு."

"அவரு எத்தனை பீரு வாங்கிக் குடுத்தாரு, கும்பாரே?"

"விளையாடாத. இப்ப ஏசியை அணைக்கிறேன், உன் போன்ல மோட்டார் வரி விழும் பாரு."

"பாத்தேன். காலையில மாத்தி மாட்டிட்டு இப்ப வித்தை காட்டுறீங்க. கும்பாரேக்கு கும்பாரே விட்டுக்குடுப்பீங்களா?"

வேறு எலெக்ட்ரீஷியன் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். கிரிஸ்புலோ நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, பழசை எடுத்துப் பாரு. போன மாசம், அதுக்கு முன் மாசம். ராத்திரி ஒன்பதுல இருந்து விடியிற வரைக்கும் மோட்டார்னு காட்டும். எட்டு மணி நேரம் மோட்டார் ஓடியிருந்தா உங்க தெருவே மிதந்திருக்கும். உன் போன்ல கெடக்கிற பழைய கணக்கை நான் எப்படித் திருத்துவேன்?"

சிரிப்புச் சத்தம் தூரமாகிப்போனது. எழுந்து தள்ளிப் போகிறாள் போலும்.

"ராத்திரி ஓடுனது ஏசியா?" குரல் இறங்கியிருந்தது. "நான் தொட்டி ஓட்டைன்னே நெனச்சுட்டேன்."

"போகட்டும். ஜூன்ல வா. நேர்ல ரெண்டு பேரும் என்னைத் திட்டுங்க."

"புது ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டேன், கும்பாரே. போன வாரம். இன்னும் ரெண்டு வருஷம்."

"முடியாதுன்னு சொல்லிடேன்."

"என்னை நம்பி எஜமானி, என் இடத்துக்கு வர இருந்தவளை வேண்டாம்னுட்டாங்க. எந்த மொகத்தோட கேப்பேன்?" மூக்கை உறிஞ்சினாள். "அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க. எனக்கு வாய் வராது."

கொல்லைக்குப் போய் நின்றபடியே கிரிஸ்புலோ எல்லாவற்றையும் சொன்னார். நொனிட்டோ கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டான்.

"மாட்டின அன்னைக்கு ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல."

நொனிட்டோ திரும்பி மீன் செதிலைச் சுரண்டத் தொடங்கினான். அடித்திருந்தால்கூடத் தேவலை.

கிரிஸ்புலோ உள்ளே போய் இரண்டு கவ்விகளையும் மாற்றினார். ஏசியை மட்டும் போட்டார், அணைத்தார். மோட்டாரை மட்டும் போட்டார், அணைத்தார். இப்போது எண்கள் சரியாக வந்தன. திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கிவிட்டுக் கருவிகளைப் பையில் போட ஆரம்பித்தார்.

நொனிட்டோ மீனைப் பொரித்து, சோற்றைத் தட்டில் போட்டு, மேசையில் உட்கார்ந்தான். அந்த ஊரில் சோற்றுக்கு முன் உட்கார்ந்தவன் தெருவில் போகிறவனைக்கூட 'வாங்க சாப்பிடலாம்' என்று கூப்பிடுவான். கிரிஸ்புலோ பையின் வாரை இருமுறை கட்டி, இருமுறை அவிழ்த்தார். நொனிட்டோ தலையைத் தூக்காமல் தின்றுகொண்டிருந்தான்.

கிரிஸ்புலோ செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார்.